ஆற்றங்கரையில் ஒரு நட்பு

ஊட்டிக்குப் போனால் ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்புவது நம்மில் பலருடைய வழக்கம். இன்னும் கொஞ்ச தூரம் போய் அவலாஞ்சியைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள டிரவுட் மீன் பண்ணை நினைவிருக்கலாம். சில்லென்று ஓடிக்கொண்டிருக்கும் சுத்தமான தண்ணீரில்தான் டிரவுட் பிழைக்கும். அது நம் மலைக்குச் சொந்தமான மீன் அல்ல. 1860களிலேயே வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்கள், பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹெச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால்தான் 'ரெயின்போ' வகை டிரவுட் இந்த ஓடைகளில் நிலைத்தது.

சாப்பிடத்தான் என்றால் நம் ஊரில் மீனுக்கா பஞ்சம்? அவர்கள் இவ்வளவு பாடுபட்டது வேறொன்றுக்காக. தங்கள் ஊரில் செய்ததுபோல, கையில் கோலோடு ஓடைக்கரையில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும், பக்கத்தில் பேச்சுத் துணைக்கு ஒரு நண்பர் வேண்டும். 'ஃப்ளை ஃபிஷிங்' என்ற அந்தப் பொழுதுபோக்குக்கு இங்கிலாந்தில் 500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மீனைப் பற்றியது அல்ல. 37 வயது வித்தியாசமுள்ள இருவரின் நட்பைப் பற்றியது. அதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

பொய் ஈ, மெய் மீன்

முதலில் இந்த விளையாட்டு என்னவென்று பார்த்துவிடுவோம். நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, கரையில் உட்கார்ந்து காத்திருப்பார். ஃப்ளை ஃபிஷிங்கில் புழு கிடையாது. ஆற்றில் வாழும் டிரவுட்டுக்குப் பூச்சிகள்தான் முக்கிய உணவு. அந்தப் பூச்சிகளில் பல, ஆற்றின் அடியில் நீண்ட நாள் வளர்ந்து, ஒருநாள் மேலே வந்து சிறகு விரித்து, ஈசலைப் போலக் கொஞ்ச நேரம் பறந்து மடிபவை. அந்தப் பூச்சியைப் போலவே தோன்றும்படி, சின்ன முள்ளின்மேல் இறகு, முடி, பட்டு நூல் எல்லாம் சுற்றிக் கட்டுவார்கள். அந்தப் பொய்ப் பூச்சிக்குத்தான் 'ஃப்ளை', அதாவது ஈ என்று பெயர்.

இந்த ஈக்கு எடையே இல்லை. தனியாக எறிந்தால் போகாது. கோலை முன்னும் பின்னும் அசைத்து நரம்பை வீச வேண்டும். நரம்பு பறந்து போகும்போது அதன் நுனியில் ஈயும் போய், நிஜப் பூச்சி விழுவதுபோல மெல்லத் தண்ணீரில் விழ வேண்டும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், நம் நிழல் பட்டாலே ஓடிவிடும். இந்த மாதத்தில், இந்த வேளையில், எந்தப் பூச்சி பறக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் படித்து மட்டும் வருகிற வித்தை அல்ல இது. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் தூண்டில் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. 1496இல் வெளிவந்த அந்த நூலை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னித்துறவி என்பது மரபு. 12 வகை ஈக்களைச் செய்யும் முறை அதில் இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: மீன் பிடிக்கப் போகும்போது அதிகம் பேரைச் சேர்த்துக்கொள்ளாதே, அவர்கள் உன் வேலையைக் கெடுப்பார்கள்.

அடுத்த 150 ஆண்டுகளுக்குப் பிறகு, துணையோடு போவதுதான் இதில் இன்பமே என்று ஒருவர் எழுதினார். அவர் எழுதிய காலம்தான் வியப்பு.

போருக்கு நடுவே ஒரு புத்தகம்

ஐசக் வால்டன் 1593இல் ஸ்டாஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். லண்டனுக்கு வந்து, துணி வியாபாரத்தில் முன்னேறி, ஃப்ளீட் தெருப் பக்கம் கடை வைத்தார். அதிகம் படித்தவர் அல்ல, ஆனால் படித்தவர்களின் நட்பைத் தேடிப் பெற்றவர். அவருடைய பகுதித் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்தவர் கவிஞர் ஜான் டன். கடைக்காரரும் கவிஞரும் நண்பர்கள் ஆனார்கள். டன் இறந்த பிறகு, 1640இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் வால்டன்தான்.

அவருடைய சொந்த வாழ்க்கை அவ்வளவு நன்றாக அமையவில்லை. முதல் மனைவிக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் ஒன்றும் தங்கவில்லை. 1640இல் மனைவியும் போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் ஒரு பக்கம், நாடாளுமன்றம் ஒரு பக்கம். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று குடும்பங்கள் பிரிந்தன. 1649இல் மன்னர் முதலாம் சார்ல்ஸின் தலை வெட்டப்பட்டது. வால்டன் மன்னர் பக்கம். அவருடைய நண்பர்களான பாதிரியார்கள் பலர் பதவி இழந்து ஊர் ஊராக ஒதுங்கி வாழ்ந்தார்கள்.

1651இல் வூஸ்டர் போரில் தோற்று இளவரசர் தப்பியோடியபோது, அவருடைய விலைமதிப்புள்ள பதக்கம் ஒன்று பின்தங்கிவிட்டது. கைமாறிக் கைமாறி வந்த அதை, லண்டன் கோபுரச் சிறையில் இருந்த கர்னல் ஒருவரிடம் ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வால்டன். அப்போது அவருக்கு 58 வயது. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மனிதர்தான் இரண்டு ஆண்டு கழித்து, 1653இல், மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'தி கம்ப்ளீட் ஆங்லர்'. விலை ஒன்றரை ஷில்லிங். போரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றுப் பக்கம் நடந்து போகிறவர்கள் வழியில் சந்திக்கிறார்கள். ஒருவர் தூண்டில்காரர். மற்றவருக்கு அதில் ஆர்வம் இல்லை, கேலிகூடச் செய்கிறார். பேசிக்கொண்டே நடக்கிறார்கள். மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். இரவானால் சத்திரத்தில் பிடித்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். ஐந்தாம் நாள் பிரியும்போது, கேலி செய்தவர் சீடராகிவிடுகிறார். அமைதியை நாடச் சொல்லும் விவிலிய அறிவுரையோடு புத்தகம் முடிகிறது.

முன்பின் தெரியாதவரை நம்பிப் பேசவே பயந்த காலம் அது. அந்தக் காலத்தில், வழியில் பார்த்த இருவர் ஐந்து நாள் சேர்ந்து நடந்து நண்பர்களானார்கள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வால்டன் உயிரோடு இருக்கும்போதே அந்தப் புத்தகம் ஐந்து பதிப்புக் கண்டது.

அதில் ஒரு குறை இருந்தது. அதை அவரே அறிவார். வால்டன் புழுவும் வெட்டுக்கிளியும் வைத்துப் பிடிக்கிற தூண்டில்காரர். ஈ வைத்துப் பிடிப்பதில் அவருக்கு அனுபவம் குறைவு. தாமஸ் பார்க்கர் என்ற சமையற்கலைஞர் எழுதியதை வைத்துத்தான் அந்தப் பகுதியை ஒப்பேற்றினார், பார்க்கரின் பெயரையும் மறைக்காமல் சொன்னார்.

அப்பாவும் மகனும்

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் சார்ல்ஸ் காட்டன். 1630இல் பிறந்தவர், வால்டனைவிட 37 வயது இளையவர். டெர்பிஷயருக்கும் ஸ்டாஃபோர்ட்ஷயருக்கும் எல்லையாக ஓடும் டவ் ஆற்றின் கரையில், பெரெஸ்ஃபோர்டு மாளிகை அவருடைய பரம்பரைச் சொத்து. டவ் சிறிய ஆறு. பாறைகளுக்கு நடுவே தெளிந்து ஓடுவது, டிரவுட் நிறைந்தது.

இருவருக்கும் எதிலும் பொருத்தம் கிடையாது. வால்டன் கடை வைத்து முன்னுக்கு வந்தவர், காட்டன் ஜமீன்தார். வால்டன் பாதிரியார்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய பக்திமான். காட்டனோ கேலிப் பாட்டும் ஆபாசம் கலந்த நையாண்டியும் எழுதியவர். வால்டன் கணக்காக வாழ்ந்தவர், காட்டன் வாழ்நாள் முழுக்கக் கடனாளி. கடன்காரர்கள் வந்தால் மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த குகையில் போய் ஒளிந்துகொள்வார் என்று அந்தப் பக்கம் இன்றும் கதை சொல்வார்கள். மீன் பிடிப்பதில்கூட ஒருவர் புழு, மற்றவர் ஈ.

ஆனால் காட்டன் வால்டனை 'அப்பா' என்றே அழைத்தார். வால்டன் அவரை 'மகன்' என்றார். ஏழு குழந்தைகளைப் புதைத்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது. இரண்டாம் திருமணத்தில் அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும் நிலைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மகன் இருக்கும்போதே, காட்டனையும் மகனாகக் கொண்டார்.

1674இல் காட்டன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீடு கட்டினார். ஒரே அறை, சதுரமானது, கல்லால் ஆனது. மீன் பிடிக்க வருகிறவர்கள் தங்கி, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருக்க. வாசலுக்கு மேலே, தூண்டில்காரர்களுக்கு இது காணிக்கை என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்றைப் பொறித்தார். அதோடு, தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வால்டன் பெயரின் முதல் எழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்கி வைத்தார். தன் நிலத்தில், தன் செலவில் (கடன் வாங்கித்தானோ என்னவோ) கட்டிய வீட்டின் நெற்றியில் நண்பரின் பெயர்.

1676இல் வால்டன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு வர இருந்தது. தெளிந்த ஓடையில் ஈ வைத்து டிரவுட் பிடிப்பது பற்றி நீ எழுது என்று வால்டன் முன்பே காட்டனிடம் கேட்டிருந்தார். எழுதாமலே தள்ளிப்போட்ட காட்டன், பதிப்பு வரப்போகிறது என்றதும் அவசர அவசரமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் எழுதி முடித்தார். அதுதான் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாகம். மாதவாரியாக அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்களை அதில் விவரிக்கிறார். அப்போது கோலின் நீளம் 15 முதல் 18 அடி. நரம்பு என்பது குதிரைவால் முடியைத் திரித்தது. தெளிந்த தண்ணீரில் நரம்பு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ, நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாயோ, அவ்வளவுக்கு மீன் ஏமாறும் என்பது அவருடைய முக்கியமான பாடம். இன்றைக்கும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அந்தப் பாகத்தின் கதையும் அழகு. குதிரையில் போகும் காட்டன், வழியில் ஓர் அந்நியரைப் பார்க்கிறார். பேச்சுக் கொடுத்ததில் அந்த மனிதர் வால்டனிடம் தூண்டில் கற்ற சீடர் என்று தெரிகிறது. அவ்வளவுதான். அவரை மேலே போகவிடாமல் வீட்டுக்கு அழைத்துப் போய், தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மறுநாள் ஈ கட்டச் சொல்லிக்கொடுத்து, ஆற்றுக்கும் கூட்டிப் போகிறார். வாசலில் இருக்கும் எழுத்துகளை விருந்தாளி பார்த்து வியக்கும் இடமும் வருகிறது.

கையெழுத்துப் பிரதி கிடைத்ததும் வால்டன் பதில் எழுதினார். நான் உன்னிடமிருந்து நூறு மைலுக்கும் அப்பால் இருக்கிறேன், எனக்கு 83 நடக்கிறது, ஆனாலும் இரண்டையும் மறந்துவிட்டு அடுத்த மாதம் உன்னைப் பார்க்க யாத்திரை கிளம்புகிறேன் என்ற பொருள்பட. ரயில் இல்லாத காலம், மேடுபள்ளமான மண் சாலை, 83 வயது. அந்த வரியைப் படித்தபோது, பக்கத்து பிளாக்குக்குப் போக லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று நான் சாக்குச் சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன.

வால்டன் 1683 டிசம்பரில், 90 வயதில், வின்செஸ்டர் நகரில் காலமானார். நண்பர்களுக்கு நினைவு மோதிரங்கள் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். காட்டன் 1687இல், கடன் தீராமலே இறந்தார். மாளிகை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆற்றங்கரைச் சின்ன வீடு மட்டும் நிற்கிறது.

விதி வந்தது

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் வால்டன் அடக்கமான அதே வின்செஸ்டரில், 200 ஆண்டுக்குப் பிறகு இன்னொரு அத்தியாயம் தொடங்கியது.

அந்த ஊர் வழியாக ஓடும் இட்சென் ஆறு, சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறப்பது. தண்ணீர் கண்ணாடி. 1879இல் அங்கே தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டும் ஜார்ஜ் செல்வின் மாரியட்டும் சந்தித்தார்கள். இருவரும் சேர்ந்து ஆற்றுப் பூச்சிகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள், பிடித்த மீனின் வயிற்றைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தார்கள். நனையாமல் தண்ணீரின் மேலேயே மிதக்கும் ஈக்களைச் செய்யும் கலையை ஒழுங்குபடுத்தினார்கள். 1886இல் ஹால்ஃபோர்டின் முதல் புத்தகம் வந்தது. பாதி உழைப்பு மாரியட்டுடையது. ஆனால் என் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். இதுவும் நல்ல நட்புதான்.

சிக்கல் பின்னால் வந்தது. மிதக்கும் ஈ சிறந்தது என்பது, மிதக்கும் ஈ மட்டுமே முறையானது என்று மாறியது. மேலே வந்து பூச்சி தின்னும் மீனைக் கண்ணால் பார்த்துத்தான் ஈயை வீச வேண்டும், மூழ்கும் ஈயைப் போடுவது கண்ணியமல்ல என்று ஆற்றை நிர்வகித்த சங்கங்கள் பேச ஆரம்பித்தன. ஹால்ஃபோர்டின் அனுபவம் அவரைப் பின்பற்றியவர்களுக்கு வேதமாகிவிட்டது.

ஜி.இ.எம். ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் 1883 முதல் இட்சென் ஆற்றில் மீன் பிடித்தவர். ஹால்ஃபோர்டின் புத்தகங்களை மதித்துப் படித்தவர். ஆனால் மீன் மேலே வருவதுபோலத் தோன்றும் பல நேரங்களில், அது உண்மையில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே, இன்னும் சிறகு விரிக்காத பூச்சியைத்தான் தின்கிறது என்று கவனித்தார். அந்தப் பருவத்துப் பூச்சிக்கு 'நிம்ஃப்' என்று பெயர். அதைப் போலவே ஈ கட்டி, கொஞ்சம் மூழ்கவிட்டுப் பிடித்தார். 1910இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

வாதம் ஓயவில்லை. ஹால்ஃபோர்ட் 1914இல் இறந்த பிறகும் ஓயவில்லை. 1938இல் லண்டன் 'ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்'பில் இதற்காகவே ஒரு விவாதம் நடந்தது. ஸ்க்யூஸுக்கு அப்போது 79 வயது. கூட்டத்தின் போக்கு அவருக்கு எதிராகவே இருந்தது. அதே ஆண்டு, ஆற்றின் அந்தப் பகுதியைத் தன்னோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தவர்களின் ஆட்சேபத்தால், 55 ஆண்டுகளாக நின்ற கரையை விட்டு அவர் விலகினார்.

யாருடைய மீனையும் அவர் திருடவில்லை, யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. ஈ ஓர் அங்குலம் மூழ்கியது, அவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் பலர் நிம்ஃப் வைத்து டிரவுட் பிடிக்கிறார்கள். அந்த முறைக்கு முன்னோடி என்று ஸ்க்யூஸின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது 79 வயதில் அவர் இழந்த கரையைத் திருப்பித் தராது.

வால்டனின் புத்தகத்தில் புழுவும் ஈயும் ஒரே அட்டைக்குள் இருந்தன. என் முறை வேறு, உன் முறை வேறு, நீ எழுது, என் புத்தகத்திலேயே போடுகிறேன் என்று 83 வயதில் அவரால் சொல்ல முடிந்தது. ஆற்றங்கரைக்கு விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு மீன் பிடிக்கலாம், எந்த மாதம் பிடிக்கக் கூடாது என்ற விதிகள் இல்லாவிட்டால் ஆற்றில் மீனே இருக்காது. மீனைக் காக்கும் விதி வேறு. பக்கத்தில் நிற்பவர் என்னைப் போலவே நிற்க வேண்டும் என்ற விதி வேறு. நம் சங்கத்தின் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வின்செஸ்டர் பேராலயத்தில் வால்டன் அடக்கமான சிற்றாலயத்துக்கு, 1914இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள தூண்டில்காரர்கள் பணம் சேர்த்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்தார்கள். அதில் இட்சென் ஆற்றங்கரையில் வால்டன் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது அவலாஞ்சி வரை போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். நம் குடியிருப்பில் வீட்டிலேயே இருக்கும் பெரியவர் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால், எதிர் வீட்டு இளைஞனைக் கூப்பிடுங்கள்.

நம் அடுக்ககத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, அவரவர் பெயரோடு. காட்டன் தன் வாசலில் செதுக்கியது இரண்டு பேரின் எழுத்துகள். எது யாருடையது என்று பிரித்துப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.